இரு இமாம்களின் கடிதங்கள்: இல்லத்தில் ஒரு பாடம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

நம் பிள்ளைகள் மதரஸாவில் குர்ஆன் ஓதுகின்றனர். துஆக்களை மனனம் செய்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால், மார்க்கத்தில் கருத்து வேறுபாடு என்றால் என்னவென்று அவர்கள் யாரிடம் கற்கின்றனர்? நம் வீட்டு முற்றத்தில் நாம் நடத்தும் வாக்குவாதத்தில்தானே! ஆலிம்களை நாம் ஏளனமாகப் பேசுவதைக் கேட்டு வளரும் பிள்ளையின் உள்ளத்தில் இல்மின் கண்ணியம் எப்படித் தங்கும்?

பெரும் ஃபிக்ஹு நூல்கள் சிறுவர்களுக்கு எட்டா. கடிதம் எட்டும். எழுதியவர் யார், யாருக்கு, எதற்காக என்ற மூன்று வினாக்களில் ஒரு காலமே விரிந்துவிடும். ஸுலைமான் (அலை) அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு அனுப்பிய கடிதத்தை அந்நம்ல் அத்தியாயத்தில் அல்லாஹ்வே நமக்கு அறியத் தந்துள்ளான் அல்லவா?

மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்), மறைவு ஹிஜ்ரி 179. மிஸ்ரில் இமாம் லைஸ் இப்னு ஸஅத் (ரஹ்), மறைவு ஹிஜ்ரி 175. மதீனாவாசிகளின் நடைமுறைக்கு மாற்றமாக லைஸ் ஃபத்வா அளிப்பதை அறிந்த மாலிக், ஹிஜ்ரத்தின் பூமியான மதீனாவைப் பின்பற்றுமாறு அவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

லைஸ் அவர்கள் சினம் கொள்ளவில்லை. மதீனாவின் சிறப்பை ஒப்புக்கொண்டார்கள். பிறகு, ஸஹாபாக்கள் பல நாடுகளுக்கும் சென்று இல்மைப் பரப்பியதை எடுத்துரைத்தார்கள். மழை இரவில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவதை ஓர் உதாரணமாகக் காட்டினார்கள்: ஷாமில் மதீனாவைவிட மழை மிக அதிகம், அங்கிருந்த ஸஹாபாக்களில் எவரும் அவ்வாறு சேர்த்துத் தொழ வைக்கவில்லையே! இவ்வாறு தமது ஆதாரங்களை வைத்துவிட்டு, இறுதியில் மாலிக் அவர்களின் நீண்ட ஆயுளை விரும்புவதாகவும், அவர் போன்றோர் மறைந்தால் மக்களுக்கு ஏற்படும் இழப்பை அஞ்சுவதாகவும் எழுதினார்கள்.

பெற்றோர்களே! வாரத்தில் ஒருநாள் மஃரிபுக்குப் பின் பிள்ளைகளுடன் அமருங்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் இக்கடிதங்களின் கருத்தைக் கேட்டறிந்து, எளிய தமிழில் சொல்லுங்கள். வரைபடத்தில் மதீனாவையும் மிஸ்ரையும் ஷாமையும் காட்டுங்கள். ஒரு பிள்ளை மாலிக்கின் வாதத்தையும் மற்றொரு பிள்ளை லைஸின் வாதத்தையும் எடுத்துரைக்கட்டும். ஆனால், எதிர்வாதத்தைக் குறைவின்றிச் சொன்ன பிறகே தன் வாதத்தைத் தொடங்க வேண்டும். துஆவுடன் முடிக்க வேண்டும். இதில் ஃபிக்ஹும் உண்டு, வரலாறும் உண்டு. அனைத்திற்கும் மேலாக அதபு உண்டு.

அடுத்த முறை மார்க்கச் சட்டம் ஒன்றில் உங்கள் சகோதரருடன் மாறுபடும்போது நினைவில் வையுங்கள்: அந்தக் கடிதத்தைப் படித்த பிள்ளை உங்களைக் கவனித்துக் கொண்டிருக்கும்.

இல்மையும் அதபையும் நம் இல்லங்களில் வல்ல அல்லாஹ் தழைக்கச் செய்வானாக! ஆமீன்.