வார வசூலும் மேடையின் ஆயுளும்



இசை நாடகத்தின் பொருளாதாரம் பற்றிய இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமை தாங்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. பாட்டு, கதை, நடிப்பு பற்றியெல்லாம் நாம் மேடை மேடையாகப் பேசியிருக்கிறோம். கல்லாப்பெட்டியைப் பற்றிப் பேசத்தான் கூச்சப்படுகிறோம். ஒரு நாடகம் ஏன் நின்றுபோனது என்ற கேள்விக்கு விடை பல நேரங்களில் பிரதியில் கிடைப்பதில்லை. கணக்கு நோட்டில்தான் கிடைக்கிறது.

நியூயார்க்கின் பிராட்வேயை இன்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே 41 அரங்குகள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். வழக்கமாக எட்டுக் காட்சிகள். ஒவ்வொரு நாடகத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு வசூலானது, சராசரி டிக்கெட் விலை என்ன என்று பிராட்வே லீக் வாராவாரம் பட்டியல் வெளியிடுகிறது. லண்டனில் நாடகவாரியாக இப்படியொரு வாரப் பட்டியல் வெளிவருவதில்லை. ஆய்வாளருக்குப் பிராட்வேயின் பட்டியல் பெரிய கொடை. ஆனாலும் இதில் இருப்பது பாதிக் கணக்குதான். வரவு தெரிகிறது, செலவு தெரிவதில்லை. அரங்க வாடகை, நடிகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் மேடைப் பணியாளர்களுக்கும் சம்பளம், விளம்பரம், ஆசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகை என்று வாரம் தவறாமல் போய்க்கொண்டே இருக்கும். அது போக மிஞ்சுவதில்தான் போட்ட முதலை எடுக்க வேண்டும்.

'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்' நாடகத்தைப் பாருங்கள். யூ2 குழுவின் போனோவும் எட்ஜும் இசையமைத்தது. நடிகர்கள் பார்வையாளர் தலைக்கு மேலே பறந்தார்கள். போட்ட முதல் ஏழரைக் கோடி டாலர். பிராட்வே அதுவரை கண்டிராத தொகை. 2012 புத்தாண்டு நாளோடு முடிந்த வாரத்தில் ஒன்பது காட்சிகளில் 29 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்துச் சாதனை படைத்தது. பட்டியலை மட்டும் பார்ப்பவர் இது கொழிக்கிறது என்றே சொல்வார். ஆனால் வாரச் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. வாரம் தவறாமல் ஐந்து லட்சம் மிஞ்சியிருந்தால்கூட முதலை எடுக்க 150 வாரங்கள் வேண்டும். அப்படி மிஞ்சவில்லை. முன்னோட்டக் காட்சிகளையும் சேர்த்து மூன்றாண்டுக்கு மேல் ஓடியும் 2014 ஜனவரி 4இல் பெரும் நஷ்டத்தோடு திரை இறங்கியது.

புகழின் உச்சியில் இருந்த நாடகத்துக்கும் இதே கணக்குதான். 'தி பேன்டம் ஆஃப் தி ஓபரா' 1988 ஜனவரியில் மெஜஸ்டிக் அரங்கில் தொடங்கியது. 27 வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னுள்ள குழியில் அமர்ந்து வாசித்த நாடகம் அது. பெருந்தொற்றுக்குப் பிறகு வெளியூர்ப் பயணிகள் குறைந்தார்கள், விலைவாசி ஏறியது. வாரச் செலவு ஒன்பதரை லட்சம் டாலர் அளவில் இருக்க, வசூல் சில வாரங்களில் அதற்கும் கீழே போனது. நிறுத்தப்போகிறோம் என்று 2022 செப்டம்பரில் அறிவித்ததும் கூட்டம் அலைமோதியது; கடைசி வாரங்களில் வசூல் 30 லட்சம் டாலரைத் தாண்டியது. முன்பு குறித்த பிப்ரவரியைத் தாண்டி ஏப்ரல் 16 வரை நீட்டித்தார்கள். 13,981 காட்சிகளோடு முடிந்தது. விடைகொடுக்க வந்த கூட்டத்தை நம்பி அடுத்த பருவத்தை நடத்த முடியாது என்பது தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2004 ஏப்ரல் 29இல் பிராட்வேயில் அரங்கேறி, 284 காட்சிகளுக்குப் பின் 2005 ஜனவரி 1இல் நின்றது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் பிராட்வேயில் கூட்டம் சட்டென்று வடிந்துவிடும். கையில் இருப்பு இல்லாத நாடகம் ஜனவரியைத் தாண்டுவது கடினம். போதாக்குறைக்கு, வசூல் தொடர்ந்து இரண்டு வாரம் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் நாடகத்தை வெளியேற்ற அரங்க உரிமையாளருக்கு ஒப்பந்தம் இடம் கொடுப்பதும் உண்டு.

ஆகவே, தொடக்க வார வசூலைவிட, மோசமான வாரங்களைத் தாக்குப்பிடிக்கும் தெம்புதான் ஒரு புதிய நாடகத்தின் விதியை எழுதுகிறது என்பது என் துணிபு. 'மேபி ஹேப்பி எண்டிங்' இதற்கு நல்ல சான்று. சியோல் நகரில், காலாவதியான இரண்டு ரோபோக்களின் காதல் கதை. நடிப்பவர்கள் நான்கே பேர். பழைய திரைப்படக் கதை கிடையாது. 2024 இலையுதிர்காலத்தில் தொடங்கியபோது வார வசூல் மூன்று லட்சம் டாலர் அளவில்தான் இருந்தது. தயாரிப்பாளர்கள் அசையவில்லை. பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லிக் கூட்டம் சேர்ந்தது. 2025 ஜூனில் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது வந்தது. வசூல் பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்த முதல் மாதங்களில் கைவிட்டிருந்தால் இப்படியொரு படைப்பு இருந்ததே பிராட்வே ரசிகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அப்படித் தெரியாமலே போனவை எத்தனை என்று நினைக்கும்போதுதான் மனம் வலிக்கிறது. 2024–25 பருவத்தில் பிராட்வேயின் மொத்த வசூல் 189 கோடி டாலர். அதுவரை இல்லாத உச்சம். திரை நட்சத்திரங்கள் நடித்த வசன நாடகங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அதே 2025இல் நியூயார்க் டைம்ஸ் எடுத்த கணக்குப்படி, பெருந்தொற்றுக்குப் பின் வந்த 46 புதிய இசை நாடகங்களில் மூன்றுதான் போட்ட முதலை மீட்டிருந்தன. மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்தால் இந்த உண்மை கண்ணில் படாது.

கட்டுரையாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வசூலைச் சொல்லும் இடத்தில் செலவையும் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். தமிழ் நாடகக் கம்பெனிகளை ஆய்பவர்களுக்கும் இது பொருந்தும். தி.க. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் வசூலின் ஏற்ற இறக்கத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த வழியில் தொடர்ந்தவர் குறைவு. பழைய கலைஞர்களின் வீட்டுப் பரணில் வரவு செலவு நோட்டுகளும் டிக்கெட் அடிக்கட்டைகளும் இருந்தால், கறையான் அரிப்பதற்கு முன் நூலகங்களில் சேர்த்துவிடுங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.