திருப்பண்ட வணக்கமும் புனித தேவசகாயமும்

 

திருப்பண்ட வணக்கம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். மறைசாட்சியான புனித தேவசகாயத்தை முன்வைத்தே பேச விரும்புகிறேன்; அவருக்கும் நம் வட்டாரத்துக்கும் உறவு உண்டு. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. பிழைப்புத் தேடி இங்கே குடியேறியவர்களில் குமரி, நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் ஏராளம். தேவசகாயம் அந்த மண்ணின் மகன்.

சிற்றாலயத்தில் திருப்பண்டத்தை முத்தி செய்ய வரிசையில் நின்றிருப்பீர்கள். கதிர்விடும் பேழையின் நடுவில் வட்டமான சிறு சிமிழ். கண்ணாடிக்கு அடியில் சிவப்புப் பட்டில் பதித்த எலும்புத் துணுக்கு. அருகே புனிதரின் பெயர் எழுதிய மெல்லிய தாள் கீற்று. சிமிழின் பின்புறம் நூல் கட்டி அரக்கு முத்திரை இட்டிருப்பார்கள். முத்திரையோடு சான்றிதழும் இருந்தால்தான் மக்கள் வணக்கத்துக்கு வைக்கலாம். திருப்பண்டத்தை விற்பதைத் திருச்சபைச் சட்டம் 1190 அடியோடு தடைசெய்கிறது.

எலும்பை வணங்கலாமா என்று பிற சபை நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆராதனை கடவுள் ஒருவருக்கே. புனிதருக்குச் செய்வது வணக்கம். கடவுள் குடிகொண்ட உடலுக்கு, உயிர்த்தெழப்போகும் உடலுக்குக் காட்டும் மரியாதை. தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் மறைசாட்சிகளின் கல்லறைமீது திருப்பலி நிறைவேற்றினார்கள். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், திருப்பண்டம் வைக்காமல் ஆலயத்தை அர்ச்சிக்கக் கூடாது என்றது. நமக்கு அருகிலேயே சாந்தோமில் திருத்தூதர் தோமாவின் திருப்பண்டத்தை வணங்குகிறோம்.

தேவசகாயம் 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தார். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றினார். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனோய் வழியாக கிறிஸ்துவை அறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். உயர்ந்தவர் தாழ்ந்தவர் பாராமல் எல்லாரோடும் பழகினார். இதனால் எழுந்த பகையில் 1749இல் சிறைப்பட்டார், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டில் வீசப்பட்ட உடலில் மிஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் பொறுக்கியெடுத்து, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் இவரே.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில், சாதிக்கொரு பக்கமாக இரண்டு நடுக்கூடங்கள் வைத்து ஆலயம் கட்டினார்கள், நடுவே சுவர். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைத் திருச்சபை விட்டுவிட்டது. பெயரிலிருந்து பட்டம் போய்விட்டது. நம் கல்லறைத் தோட்டங்களிலிருந்து போயிற்றா? சாதிக்கொரு மூலை பிரித்துப் புதைக்கும் ஊர்கள் தமிழகத்தில் இன்னும் இருக்கின்றன. நகரத்துக்கு வந்துவிட்டோம் என்று சொல்லும் நம் வீடுகளிலும், வரன் பார்க்கும்போது அந்தச் சுவர் எழுந்து நிற்கிறது.

தேவசகாயத்தின் திருப்பண்டத்தை முத்தி செய்துவிட்டு வேலை, குழந்தை, சுகம் எல்லாம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் கேட்பதோடு நிறுத்திக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சமத்துவத்துக்காக உடைந்த உடல் அது. அதைத் தொட்ட உதடு சாதி கேட்கக் கூடாது.

பங்குத்தந்தையர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும் ஒரு விண்ணப்பம். இனி தேவசகாயத்தின் திருப்பண்டத்தை மக்கள் முன் வைக்கும்போதெல்லாம், அவர் ஏன் கொல்லப்பட்டார் என்பதை முதலில் வாசித்துச் சொல்லுங்கள். திருவிழா மரியாதையிலும் தேர் தூக்குவதிலும் கல்லறையிலும் எல்லாருக்கும் ஒரே இடம் என்று பேரவையில் தீர்மானம் போட்டு, நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் மக்களை வரிசையில் நிற்கச் சொல்லுங்கள்.