வானில் நின்ற எஞ்சின்

‘நடுவானில் விமான எஞ்சின் நின்றது, பயணிகள் உயிர் தப்பினர்’ என்று நாளேட்டில் ஒரு செய்தி வருகிறது. அதைப் படிப்பவருள் ஒரு சாரார், இனி விமானத்தில் கால் வைப்பதே இல்லை என்று முடிவு கட்டுகின்றனர். மற்றொரு சாரார், ‘ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லையே’ என்று சொல்லித் தாளைப் புரட்டிவிடுகின்றனர். முன்னது மிகையான அச்சம். பின்னது மிகையான ஆறுதல். எஞ்சின் நிற்பதை எவ்வளவு பெரிதாக மதிக்க வேண்டும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் வண்டி நின்றுவிடும். இரண்டு எஞ்சின் பூண்ட பயணி விமானம் அவ்வாறன்று. ஓர் எஞ்சினைக் கொண்டே பறப்பைத் தொடர்ந்து, பத்திரமாகத் தரையிறங்கும் ஆற்றல் உடையதாகவே அது அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் விமானிகள் ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கின்றனர். ஓடுபாதையில் அவ்வேகத்தை எட்டுவதற்குள் எஞ்சின் பழுதுற்றால் விமானத்தை நிறுத்திவிடலாம். அதனைக் கடந்த பின் பழுதுற்றால், எஞ்சியுள்ள எஞ்சினைக் கொண்டு மேலெழ வேண்டும், மேலெழவும் இயலும். இப்பாடத்தை விமானிகள் பயிற்சிக் கூடத்தில் மீண்டும் மீண்டும் ஒப்பிக்கின்றனர்.

இந்த நம்பிக்கை ஒரே நாளில் பிறந்ததன்று. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்கா வகுத்த விதியின்படி, இரட்டை எஞ்சின் விமானம் ஓர் எஞ்சினால் 60 நிமிடங்களில் சென்றடையக்கூடிய நிலையத்தை விட்டு விலகிப் பறத்தலாகாது. எஞ்சின்களின் நடத்தையைக் கண்டபின், 1985-இல் அவ்வெல்லை 120 நிமிடங்களாக உயர்ந்தது. 2014-இல் ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடங்கள் வரை இசைவு கிடைத்தது.

இரண்டு எஞ்சின்களுமே நின்றுவிட்டால் என்ன ஆகும்? அப்போதும் விமானம் கல்லைப் போல் விழுவதில்லை. மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிள், மிதிக்காமலே ஓடுகிறதல்லவா? அதுபோல, விமானமும் தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டுத் தொலைவைப் பெறுகிறது. 2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குச் சென்ற ஏர் டிரான்சாட் விமானம், எரிபொருள் கசிந்து தீர்ந்ததால், அட்லாண்டிக் கடலின் மேல் இரு எஞ்சின்களையும் இழந்தது. ஏறத்தாழ 19 நிமிடங்கள் மிதந்து சென்று, அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் தளத்தில் இறங்கியது. அதிலிருந்த 306 பேரும் பிழைத்தனர். ஆயினும் கீழே ஒரு தளம் எட்டும் தொலைவில் இருந்தமையால் அல்லவா பிழைத்தனர்? எனவே இதனை எளிதென்று எண்ணலாகாது.

இனி மறுபக்கத்தைக் காண்போம். 1989 ஜனவரி 8 அன்று, பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று லண்டனிலிருந்து பெல்பாஸ்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. இடப்புற எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. விமானம் அதிர்ந்தது, புகை நாற்றம் எழுந்தது. விமானிகள் வலப்புற எஞ்சினே பழுதென்று கருதி, அதனை நிறுத்திவிட்டனர். தற்செயலாக அதிர்வும் குறைந்தது. தம் முடிவு சரியே என்று அவர்கள் நம்பினர். தரையிறங்கும் தறுவாயில் பழுதுற்ற எஞ்சினும் வலிமை இழந்தது. கெக்வொர்த் என்னும் ஊரருகே நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதி, 126 பேரில் 47 பேர் மாண்டனர். இடப்புறம் தீப்பொறி பறந்ததைப் பயணிகள் சிலர் கண்டிருந்தனர். விமானியோ வலப்புறம் என்று அறிவித்தார். அறிந்தவர் அவரன்றோ என்று எண்ணி, அவர்கள் வாய் திறவாதிருந்தனர்.

விரைந்து சொன்ன விடை சரியான விடை ஆகிவிடாது என்று மாணவர்க்கு நெடுங்காலம் சொல்லி வந்தவன் நான். ஆசிரியர் கரும்பலகையில் பிழையாக எழுதினால் எழுந்து சொல்லும் மாணவனே வகுப்புக்கு நன்மை செய்பவன் என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. ஓர் எஞ்சின் பழுதுற்றது மட்டும் அவர்களைக் கொல்லவில்லை; எது பழுது என்று தெளியாமல் நல்லதை நிறுத்தியதே கொன்றது.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் ஆழ்ந்து எண்ணத் தக்கது. 2016 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்றில் எஞ்சினின் விசிறித் தகடு முறிந்தது. விமானம் பென்சகோலா நகரில் இறங்கியது, எவருக்கும் காயமில்லை. உலோகம் பலமுறை இழுபட்டுத் தளர்வதால் உண்டாகும் நுண்ணிய வெடிப்பே காரணம் என ஆராய்ந்தோர் கண்டனர். ஒலியலைகளைச் செலுத்தித் தகடுகளைச் சோதிக்குமாறு எஞ்சினைச் செய்தவர்கள் பரிந்துரைத்தனர். 2017 ஆகஸ்டில் அரசும் ஒரு விதியின் வரைவை வெளியிட்டது. வரைவு, விதியாக மாறவில்லை. 2018 ஏப்ரல் 17 அன்று அதே நிறுவனத்தின் மற்றொரு விமானத்தில், அதே வகை எஞ்சினில், அதே வகைத் தகடு முறிந்தது. சிதறிய துண்டு சன்னலை உடைத்தது; பயணி ஒருவர் உயிரிழந்தார். மூன்றே நாளில் அவசரக் கட்டளை பிறந்தது.

மூன்று நாளில் செய்யக்கூடியதை முன்னரே செய்திருக்கலாகாதா? முதல் நிகழ்ச்சியில் உயிர்ச்சேதம் இல்லாமையே அவசரத்தைக் குறைத்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. தப்பிய மகிழ்ச்சியில் வரும் மறதி பொல்லாதது. வள்ளுவர் அதன்பொருட்டே பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்தார்.

ஆதலின், எஞ்சின் நின்ற செய்தியை அளக்க இரண்டு துலாக்கோல்கள் வேண்டும். பயணத்தில் அமர்ந்திருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. வார்ப்பட்டையைப் பூட்டிக்கொண்டு, பணியாளர் சொற்படி நடந்து, கண்டதைத் தயங்காமல் அவர்களிடம் சொன்னால் போதும். எஞ்சினைச் செய்வோரும் பழுது பார்ப்போரும் விதி வகுப்போருமோ, காயமின்றி முடிந்த பழுதையும் உயிர் பறித்த பழுதாகவே கருதி ஆராய வேண்டும். அவர்கள் கவலைப்படுவதனாலேயே நாம் கவலையின்றிப் பறக்கிறோம். அடுத்த முறை அத்தகைய செய்தியைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள்: முறிந்தது எது? முன்பும் அது முறிந்ததுண்டா? அதன்பின் என்ன செய்தார்கள்? மூன்றாவது வினாவுக்கு விடை கிடைக்கவில்லையாயின், அச்செய்தி இன்னும் முடியவில்லை என்று கொள்ளுங்கள்.