வயலும் வாழட்டும், சதுப்புக் காடும் வாழட்டும்



தஞ்சோங் காராங், செகிஞ்சான் அரிசி நாம் சாப்பிடும் சோறு. அங்கே சுமார் 20,000 ஹெக்டர் வயல்களுக்குப் பெர்ணாம் ஆற்று நீர் கால்வாய் வழியே வருகிறது. வயல்களை ஒட்டி, 70,000 ஹெக்டருக்கும் அதிகமாக வட சிலாங்கூர் சதுப்புக் காடு. அதன் கரிமண் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து, மெல்லக் கசியவிடுகிறது.

வெட்டிய மரங்களைக் கொண்டுவர அந்தக் காட்டுக்குள் கால்வாய் தோண்டினார்கள். ஓரங்களில் செம்பனைக்காகவும் தோண்டினார்கள். தண்ணீர் வடிந்தது, காய்ந்த கரிமண் தீப்பிடித்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் யார்? பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள்! 2008 முதல் ராஜா மூசா வனத்தில் கால்வாய்களை அடைத்து மரம் நட்டு வருகிறார்கள். நல்ல வேலை.

வறட்சியில் விவசாயிக்கும் தண்ணீர் வேண்டும், காட்டுக்கும் வேண்டும். சதுப்பை வடித்து வயலுக்குக் கொடுத்தால் ஒரு பருவம் தப்பலாம். அடுத்த வறட்சிக்கு என்ன மிஞ்சும்? வாய்க்கால் கசிவை அடைப்போம், முறை வைத்துப் பாய்ச்சுவோம். அதுதான் வழி.

தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில் அதிகாரியும் விவசாயியும் மட்டும் இருந்தால் போதாது. புகையைச் சுவாசிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அங்கே இடம் வேண்டும். அதை உரிமையாகக் கேளுங்கள்!