வீட்டு ஓவனின் வெப்பநிலை: அளத்தலும் ஆளுதலும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்க மேடையில் அடுப்பைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வியக்கக்கூடும். அடுக்களையும் அறிவு வளரும் இடமே. அதிலும் மைசூரில் வாழ்வோர் உணவு அறிவியலைப் புறக்கணித்தல் பொருந்தாது. 1950-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள், இந்நகரின் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. டாக்டர் வி. சுப்பிரமணியன் அதன் முதல் இயக்குநர். மாவரைத்தல், ரொட்டி சுடுதல் ஆகியவற்றை ஆராய்வதற்கென அங்கே தனித்துறை உண்டு. அத்தகைய நகரில் இருந்துகொண்டு நம் வீட்டு ஓவனின் சூட்டை வெறும் ஊகத்தால் அறிவது முறையாகுமா?

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் சிறிய மின்சார ஓவன் இடம் பெற்றுள்ளது. பிறந்தநாள் கேக் செய்து கொடுத்துக் குடும்ப வருவாய்க்குத் துணைபுரியும் சகோதரிகளும் உளர். கேக் நடுவே குழிந்துவிட்டாலும், மேலே கருகி உள்ளே மாவாக நின்றுவிட்டாலும், வெண்ணெயும் முட்டையும் வீணாகின்றன. சொன்ன நேரத்தில் கொடுக்க இயலாமல் நற்பெயரும் கெடுகிறது. இவற்றினும் கொடியது, “அவளுக்குக் கைவரவில்லை” என்னும் பழிச்சொல். பல வேளைகளில் குற்றம் கையில் இல்லை. ஓவனின் குமிழில் இருக்கிறது. இதனையே இன்று வற்புறுத்த விரும்புகிறேன்.

நம் முன்னோர் வெப்பமானி இன்றியே சூட்டை அறிந்தனர். தோசைக்கல்லில் நீர் தெளித்து ஓசை கேட்டனர். எண்ணெயில் துளி மாவை இட்டு, அது மேலெழும் விரைவைக் கண்டனர். பாகை விரலிடை இழுத்துக் கம்பிப் பதம் பார்த்தனர். மைசூர் அரண்மனைச் சமையற்கூடத்தில் தோன்றியதாகக் கூறப்படும் மைசூர்பாகும் பதமறிந்த கையின் படைப்பே. ஆனால் ஓவனின் சூடு மூடிய கதவுக்குள் இருப்பது. கண்ணும் காதும் விரலும் அங்கே எட்டா. ஆகவே கருவியின் துணை வேண்டும்.

இங்கிலாந்தில் 1923-ஆம் ஆண்டில் எரிவாயு ஓவனுக்கு ‘ரெகுலோ’ என்னும் சூட்டுச் சீராக்கி வந்தது. அதே பணியை நம் ஓவனில் தெர்மோஸ்டாட் செய்கிறது. சூடு ஏறினால் அது மின்னிணைப்பைத் துண்டிக்கும். ஆறினால் மீண்டும் இணைக்கும். எனவே குமிழை 180 டிகிரி செல்சியஸில் வைத்தாலும் வெப்பநிலை அங்கே அசையாது நிற்பதில்லை. மேலும் கீழும் ஊசலாடும். தெர்மோஸ்டாட் சூட்டை உணரும் இடம் ஒன்று, கேக் இருக்கும் இடம் மற்றொன்று என்பதையும் மறத்தலாகாது.

சூடு மிகுந்தால் கேக்கின் மேற்புறம் முன்னரே இறுகிவிடும். பின்னர் உள்ளிருந்து பொங்கும் மாவு அதனைப் பிளந்துகொண்டு எழும்பும். சூடு குறைந்தால் மாவு இறுகுமுன் காற்று வெளியேறிக் கேக் அமுங்கிவிடும். பிளவையும் பள்ளத்தையும் கண்டு ஓவனின் போக்கை ஓரளவு ஊகிக்கலாம். உறுதி செய்ய அளவையே வேண்டும்.

ஓவனுக்கென்றே விற்கும் வெப்பமானியை நடுத்தட்டின் மையத்தில், கம்பியையும் சுவரையும் தொடாதவாறு வையுங்கள். குமிழை 180-இல் நிறுத்தி இருபது நிமிடம் பொறுங்கள். பின்னர் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, அரைமணி நேரம் கண்ணாடி வழியே பார்த்துக் குறித்துச் சராசரி காணுங்கள். சராசரி 165 எனின், அடுத்த முறை குமிழை 195-இல் வைத்துச் சோதியுங்கள். 150-இலும் 210-இலும் இவ்வாறே பாருங்கள். பிழை எங்கும் ஒரே அளவாக இராது. முடிவுகளைச் சிறு அட்டையில் எழுதி ஓவனருகே ஒட்டிவிடுங்கள்.

வெப்பமானி இல்லாதார்க்கு அடுக்களைச் சர்க்கரையே உதவும். அது ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். ஒரு கரண்டிச் சர்க்கரையைச் சிறு தட்டில் பரப்பி, 175-இல் கால்மணி நேரம் வையுங்கள், உருகலாகாது. புதுச் சர்க்கரையை 190-இல் அவ்வாறே வைத்தால் உருக வேண்டும். முன்னதில் உருகினால் ஓவன் மிகைச்சூடு உடையது. பின்னதிலும் உருகாவிடில் குறைச்சூடு உடையது. நெடுநேரம் வைத்தால் குறைந்த சூட்டிலும் சர்க்கரை சிதைந்து உருகுமாதலால் கால எல்லையை மீறாதீர்கள்.

நுனியை நீரில் தோய்க்கத்தக்க வெப்பமானியைக் கொதிநீரில் சோதிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. மைசூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், இங்கே 97 அல்லது 98-லேயே கொதிக்கும். அது கருவியின் குறையன்று, இம்மண்ணின் உயரம்.

இனி, ஆளும் முறை. விளக்கு முதன்முறை அணைந்தவுடன் தட்டை உள்ளே வைக்காதீர்கள். இரண்டு மூன்று முறை எரிந்து அணையட்டும். கதவை அடிக்கடி திறந்தால் சூடு வெளியேறிவிடும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், கம்பி தரும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அவ்வேளையில் ஓவன் சூடேறக் கூடுதல் நேரம் கொடுங்கள். தட்டு நிறைய ரொட்டித் துண்டுகளைப் பரப்பிச் சுட்டால், எம்மூலையில் சூடு மிகுதி என்பதை அவை சிவக்கும் வேறுபாடே காட்டிவிடும். பிழை மிகப் பெரிதாயின், தாமே பிரித்துப் பாராமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தலே நன்று.

அன்பர்களே! அளவை என்பது கைத்திறனுக்குப் பகையன்று, அதற்கு அரண். அடுத்த முறை உங்கள் இல்லத்தில் கேக் குழிந்தால், செய்தவரைக் குறை கூறுமுன் ஒரு கரண்டிச் சர்க்கரையை ஓவனில் வைத்துப் பாருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!