நீதிமன்ற வாசலில் காவலர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தில்லியில் வாய்தாவுக்குப் போகும் நம் தொழிலாளி நீதிபதியைக் கண்டு அஞ்சுவதில்லை. வாசலில் நிற்கும் காவலரைக் கண்டே அஞ்சுகிறார். இந்தியில் ஓர் அதட்டல் போட்டால் திரும்பி நடக்கிறார். உள்ளே பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஆள் இல்லை. வாரண்ட் பிறக்கிறது!

காவலே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 2011 செப்டம்பர் 7இல் தில்லி உயர்நீதிமன்ற வாசலில் குண்டு வெடித்தபோது, பலியானவர்கள் நுழைவுச் சீட்டுக்கு வரிசையில் நின்ற மக்கள். 2021 செப்டம்பர் 24இல் ரோகிணி நீதிமன்ற அறைக்குள்ளேயே, வக்கீல் உடையில் வந்தவர்கள் ஒரு கைதியைச் சுட்டுக் கொன்றார்கள். ஆகவே பையைத் திறந்து காட்டுவோம், சோதனைக்கு நிற்போம். பெண்களைப் பெண் காவலரே சோதிக்க வேண்டும் என்றும் கேட்போம்.

ஆனால், விசாரணையைக் கேட்க யார் வரலாம் என்று தீர்மானிப்பவர் காவலர் அல்லர். குற்ற வழக்கு நடக்கும் இடம், இடம் கொள்ளுமட்டும் பொதுமக்களுக்குத் திறந்த மன்றம் என்றது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆவது பிரிவு. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதுவே 366ஆவது பிரிவு. பாலியல் வன்முறை போன்ற வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சட்டமே சொல்கிறது. மற்றவற்றில் தடுக்கும் அதிகாரம் நீதிபதிக்கே!

தோழர்களே, சம்மனைக் கையில் வைத்திருங்கள். மறித்தால் சண்டை வேண்டாம். திரும்பியும் போக வேண்டாம். அங்கேயே நின்று வக்கீலுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் நீதிபதியிடம் முறையிடட்டும். அந்த வாசல் நமக்கும் உரியது.