ஸ்பிரிங்பீல்டு வக்கீல்
ஆபிரகாம் லிங்கனின் சட்டசபை வாழ்வும் நீதிஸ்தல வாழ்வும்



ஜில்லாக் கோர்ட்டிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஒரு நியாயவாதியின் ஞாபகார்த்தமாக ஏற்பட்ட இவ்வறக்கட்டளையின் சார்பில் பேசும்படி எனக்கு அழைப்பு வந்தபோது, சட்டசபையிலும் நீதிஸ்தலத்திலும் ஒருங்கே பழகிய ஒருவருடைய சரித்திரத்தை எடுத்துக்கொள்வது பொருத்தமாயிருக்கும் என்று அழைத்தவர்கள் தெரிவித்தார்கள். நான் ஆபிரகாம் லிங்கனை எடுத்துக்கொண்டேன். ஜனாதிபதியாக அவர் இருந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி நூல் நிலையங்கள் நிறையும்படி எழுதிவிட்டார்கள். அதற்கு முன்பு இல்லினாய் ராஜ்யத்தின் சட்டசபையில் 8 ஆண்டு அங்கத்தினராயும், அந்த ராஜ்யத்துச் சிறு கோர்ட்டுகளில் ஏறத்தாழ 24 ஆண்டு வக்கீலாயும் அவர் உழைத்த உழைப்பைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

1809-இல் கென்டக்கியில் ஒரு மரக்குடிசையில் பிறந்து, எல்லாப் பள்ளி நாட்களையும் கூட்டினாலும் ஓராண்டுக்கு மிகாத படிப்போடு, 1831-இல் நியூ சேலம் என்ற குக்கிராமத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். பெயரைக் கேட்டதும் நம்முடைய சேலத்தை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சாங்கமன் ஆற்றங்கரையில் சில வீடுகளும் ஒரு மாவு மில்லும் இருந்த ஊர் அது. அங்கே கூட்டாளி ஒருவரோடு அவர் நடத்திய மளிகைக் கடை நொடித்துப் போயிற்று. கூட்டாளியும் காலமாகிவிடவே 1,100 டாலர் அளவுக்கு ஏறியிருந்த கடன் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. அதை விளையாட்டாகத் தேசியக் கடன் என்று சொல்லிக்கொண்டே பல ஆண்டுகள் சிறுகச் சிறுகத் தீர்த்தார். இடையில் தபால் உத்தியோகமும் பார்த்தார், சங்கிலி பிடித்து நிலமும் அளந்தார். 1832-இல் சட்டசபைத் தேர்தலுக்கு நின்றபோது 13 பேரில் எட்டாவதாகத் தோற்றார். ஆனால் அவரை நேரில் அறிந்த நியூ சேலத்தில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன. அறியாதவர் தள்ளினார்கள், அறிந்தவர் ஏறக்குறைய அனைவரும் ஏற்றார்கள் என்ற இந்தக் கணக்கை விடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் ஒரு வாலிபனுக்குக் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

1834-இல் ஜெயித்தார். சபைக்குப் போக நல்ல உடுப்பு இல்லாமையால் ஒரு நண்பரிடம் 200 டாலர் கடன் வாங்கிக்கொண்டு, அக்காலத்துத் தலைநகரான வண்டாலியாவுக்குப் புறப்பட்டார். அதே சபையில் அங்கத்தினராயிருந்த ஜான் ஸ்டூவர்ட் என்ற வக்கீல், இந்த நெட்டை வாலிபருடைய புத்தியைக் கண்டு, தம்முடைய சட்டப் புத்தகங்களை இரவல் கொடுத்து, வக்கீல் தொழிலுக்குப் படிக்கச் சொன்னார். சட்டக் கலாசாலை என்பதன் வாசலையே மிதியாமல், பிளாக்ஸ்டனின் வியாக்கியானத்தை மரத்தடியில் படுத்துக்கொண்டு தாமாகவே கற்று, 1836 செப்டம்பரில் அவர் சன்னத்துப் பெற்றார். சட்டத்தை உண்டாக்குகிற தொழிலையும் அதைப் பிரயோகிக்கிற தொழிலையும் ஒரே காலத்தில் பழகியது அவருக்கு வாய்த்த பெரிய பயிற்சி. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைச் சபையில் பார்த்தவர், அந்த மாற்றத்தால் ஒரு குடியானவன் நிலம் இழப்பதைக் கோர்ட்டிலும் பார்த்தார்.

1836 தேர்தலில் சாங்கமன் ஜில்லாவிலிருந்து இரு சபைகளுக்குமாக ஒன்பது பேர் வந்தார்கள். எல்லோரும் ஆறடி உயரத்தை ஒட்டியவர்களாகையால் 'நெடிய ஒன்பதின்மர்' என்று பெயர் பெற்றார்கள். தலைநகரை வண்டாலியாவிலிருந்து தங்கள் ஸ்பிரிங்பீல்டுக்கு மாற்ற வேண்டும் என்பதே அவர்களுடைய ஒரே சங்கற்பம். அந்தக் கூட்டத்துக்கு 28 வயதைத் தொட்டுக்கொண்டிருந்த லிங்கனே தளகர்த்தர். அதே சபையில், ரயில் பாதை, கால்வாய், சாலை ஆகியவற்றுக்காக ஒரு கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கிச் செலவழிக்கும் மசோதாவும் நிறைவேறிற்று. உங்கள் ஊர் ரயிலுக்கு நாங்கள் கை தூக்குகிறோம், எங்கள் தலைநகருக்கு நீங்கள் கை தூக்குங்கள் என்று பேரம் நடந்ததாகப் பகைவர் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர் சிலர் அதை மறுக்கிறார்கள். பேரம் நடந்ததோ இல்லையோ, 1837 பிப்ரவரி 28-ஆம் தேதி ஸ்பிரிங்பீல்டு ஜெயித்தது. அவ்வாண்டிலேயே தேசமெங்கும் பொருளாதார வீழ்ச்சி வந்து, அந்த மகா திட்டம் குட்டிச்சுவராயிற்று. போட்டு முடித்த ஒரே ரயில் பாதை பின்னால் 21,100 டாலருக்கு ஏலம் போயிற்று; ராஜ்யத்தின் கடன் அடைபட 1880-களை எட்ட வேண்டியிருந்தது. இந்தப் பாபத்தில் லிங்கனுக்குப் பூரண பங்கு உண்டு. அபிமானிகள் இந்த அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

ஆனால் அந்தக் கூட்டத்தொடரிலேயே நடந்த மற்றொரு காரியத்தில் நான் சற்றுத் தங்கவேண்டியிருக்கிறது. 1837 ஜனவரியில், அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்தும், அடிமை வைத்திருக்கும் ராஜ்யங்களுக்கு அது அரசியல் சாசனப்படி புனிதமான சொத்துரிமை என்று ஒப்புக்கொண்டும் ஒரு தீர்மானம் வந்தது. ஆதரவு 77, எதிர்ப்பு 6. அந்த ஆறில் லிங்கன் ஒருவர். ஆறு வாரம் கழித்து, மார்ச் 3-ஆம் தேதி, டான் ஸ்டோன் என்ற சக அங்கத்தினரோடு சேர்ந்து, அடிமை முறை அநீதியிலும் கெட்ட ராஜதந்திரத்திலும் வேரூன்றியது என்று ஓர் ஆட்சேபப் பத்திரத்தைச் சபைக் குறிப்பில் பதிவு செய்தார். அதே பத்திரத்தில், ஒழிப்புப் பிரசாரம் தீமையைக் குறைப்பதற்குப் பதிலாக வளர்க்கவே செய்கிறது என்றும், அடிமை ராஜ்யங்களில் தலையிடக் காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை என்றும் எழுதிவைத்தார். இவ்வளவு ஜாக்கிரதையாக எழுதியதற்குக்கூட அந்நாளில் நெஞ்சுரம் வேண்டும்; அவ்வாண்டு நவம்பரில் அதே ராஜ்யத்தின் ஆல்டன் நகரில், அடிமை ஒழிப்புப் பத்திராதிபர் லவ்ஜாய் தம் அச்சு யந்திரத்தைக் காக்க நின்று ஜனக்கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். இருந்தபோதிலும் தேதியைக் கவனியுங்கள். தலைநகர்த் தீர்மானம் நிறைவேறி மூன்றே நாளில் ஆட்சேபம் வருகிறது. ஸ்பிரிங்பீல்டுக்கு வேண்டிய வாக்குகளெல்லாம் விழுந்து, இனி எவரையும் பகைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்த பிறகே மனச்சாட்சி பேனாவைத் தொட்டது என்று குற்றம் சொல்பவரை என்னால் முற்றிலும் மறுக்க இயலவில்லை. முன்பே சொல்லியிருந்தால் ஒரு வாக்கும் மாறியிராது, காரியமும் கெட்டிருக்கும் என்பதும் உண்மை. எப்போது சொன்னால் நிற்கும் என்று பார்த்துச் சொல்கிற இந்தக் குணம், நல்லதோ கெட்டதோ, அவரை விட்டுக் கடைசிவரை நீங்கவில்லை. 1860-இல் சுயசரிதக் குறிப்பு எழுதியபோது, அந்த ஆட்சேபத்தில் கண்ட நிலைதான் இன்றும் தம் நிலை என்று அவரே எழுதினார்.

சபையில் அவர் விக் கட்சியின் முன்னணியில் நின்றார். சபாநாயகர் பதவிக்கு இருமுறை நின்று இருமுறையும் தோற்றார். 1840 டிசம்பரில், ராஜ்ய பாங்கியைக் காப்பாற்றும் பொருட்டுக் கோரம் இல்லாமல் செய்துவிடலாமென்று ஜன்னல் வழியாக வெளியே குதித்ததும், அதற்குள் அவரும் வந்தவராகவே எண்ணப்பட்டுவிட்டதால் குதித்தது வீணானதும், இனிக் கட்டுகிற சபா மண்டபத்துக்கு இன்னொரு மாடி எழுப்பினால் இந்த நீண்ட கால்களுக்கு ஆகும் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை பரிகசித்ததும் சுவையான கதைதான். லிங்கனுக்கு மட்டும் அதைப் பற்றிப் பேசுவது பிடிக்காது.

வக்கீல் தொழிலுக்கு வருவோம். ஸ்டூவர்ட்டோடு நான்காண்டு, ஸ்டீபன் லோகனோடு மூன்றாண்டு, 1844 முதல் வில்லியம் ஹெர்ண்டனோடு என்று மூன்று கூட்டுகளில் அவர் தொழில் நடத்தினார். கணக்கு எழுதுவதிலும் காகிதம் அடுக்குவதிலும் அவரைவிட மோசமான வக்கீல் நம் பாரிலும் இருக்க மாட்டார். முக்கியமான தஸ்தாவேஜுகள் அவருடைய உயரத் தொப்பிக்குள்ளேதான் இருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் எட்டாவது சர்க்யூட்டின் நீதிபதி டேவிட் டேவிஸோடு, ஒரு காலத்தில் 14 ஜில்லாக்கள் அடங்கிய அந்த வட்டாரத்தைக் குதிரையிலும் வண்டியிலும் வாரக்கணக்கில் சுற்றுவார். நம் ஊர்களில் முன்னாளில் ஜமாபந்திக் காலத்தில் கலெக்டர் கூடாரத்தைச் சுற்றி ஊரே கூடுமே, அப்படி நீதிபதி வரும் நாளில் ஜில்லாத் தலைமையிடத்தில் திருவிழாக் கூட்டம் கூடும்; வக்கீல்கள் சாவடியில் ஒரே கட்டிலில் இருவர் படுப்பார்கள்; காலையில் வந்திறங்கிய வக்கீலைக் கட்சிக்காரன் பிடித்துக்கொள்ள, மத்தியானம் வழக்கு ஜூரர் முன் வந்துவிடும். அவரும் அவர் கூட்டாளிகளும் நடத்தியதாக இன்று கண்டெடுத்திருக்கும் வழக்குகள் 5,000-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை கடன் பத்திர வழக்குகள். பெரும்பாலும் 5 டாலர் முதல் 20 டாலர் வரையே பீஸ். வழக்காடாமல் சமாதானமாகப் போகும்படி அண்டை வீட்டாரை இணங்கச் செய்யவேண்டும் என்று இளம் வக்கீல்களுக்காகக் குறிப்பு எழுதிவைத்த இந்த மனிதர்தான், தம் பீஸைத் தர மறுத்த இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக் கம்பெனியின் மேல் 1857-இல் தாமே பிராது போட்டு 5,000 டாலருக்கு நியாயம் பெற்றவரும்.

1858-இல் பியர்ட்ஸ்டவுனில், பழைய நண்பனின் விதவையான ஹன்னாவின் மகன் டஃப் ஆர்ம்ஸ்டிராங் கொலைக்குற்றத்தில் நின்றபோது, இரவு பதினொரு மணிக்கு உச்சி நிலவொளியில் பார்த்தேன் என்ற சாட்சியை மீண்டும் மீண்டும் அதையே சொல்லவைத்து, பிறகு பஞ்சாங்கத்தைப் பிரித்துச் சந்திரன் அஸ்தமனத்தை நெருங்கியிருந்ததைக் காட்டிப் பையனை விடுவித்த கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். பீஸ் வாங்கவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு வழக்குகள். 1841-இல் நான்ஸ் என்ற கறுப்புப் பெண்ணை விலைக்கு வாங்கியதற்காக எழுதிக்கொடுத்த பிராமிசரி நோட்டு செல்லாது என்று அவர் ராஜ்ய சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார். இல்லினாயில் எந்த நிறத்தவரும் சுதந்திரர் என்றே முதலில் கொள்ளவேண்டும், சுதந்திர மனுஷியை விற்க முடியாது, ஆகவே நோட்டுக்குப் பிரதிப்பிரயோஜனம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஆறாண்டு கழித்து, 1847-இல், கென்டக்கியிலிருந்து அடிமைகளைத் தன் இல்லினாய்ப் பண்ணைக்குக் கூட்டிவந்த மாட்சன் என்பவன், ஜேன் பிரையன்ட் என்ற தாயையும் அவள் நான்கு குழந்தைகளையும் திரும்பப் பெற வழக்காடியபோது, மாட்சனின் வக்கீல் லிங்கன்! கட்சி எதுவாயினும் முதலில் வந்தவனுக்கு ஆஜராவது தொழில் தர்மம் என்று நாம் சமாதானம் சொல்லலாம். நான் சொல்லிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. அவர் தோற்றார், தாயும் பிள்ளைகளும் விடுதலையடைந்தார்கள் என்பது அந்த வழக்கில் அவருக்கு நேர்ந்த பாக்கியம்.

1847 முதல் 1849 வரை வாஷிங்டனில் காங்கிரஸ் அங்கத்தினராக ஒரு தவணை இருந்துவிட்டுத் தொழிலுக்கே திரும்பியவரை, 1854-இல் அடிமை முறை மேற்குப் பிரதேசங்களுக்குப் பரவ வழிவிட்ட கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் மறுபடி இழுத்தது. அவ்வாண்டு சட்டசபைக்கு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டும், செனெட்டுக்கு நிற்க அது தடையாயிருந்ததால், ஸ்தானத்தை ஏற்காமல் விட்டார். அந்நாளில் செனெட்டரைச் சட்டசபையே தேர்ந்தெடுக்கும். 1855 பிப்ரவரியில் முதல் சுற்றில் லிங்கன் முன்னே நின்றார். டிரம்புல் என்பவருக்கு ஐந்தே வாக்கு. ஆனால் அந்த ஐவர் அசையவில்லை. சுற்று ஏற ஏற, சட்டத்தை ஆதரித்தவர்களின் ஆள் ஜெயித்துவிடுவான் போலிருந்தது. கை விரலிலேயே வாக்கு எண்ணப் பழகிய லிங்கன், தம் ஆட்களையெல்லாம் டிரம்புலுக்குப் போடச் சொல்லித் தாம் தோற்றார். ஒன்பது ஆண்டு கழித்து, அடிமை முறையை அடியோடு ஒழித்த பதின்மூன்றாவது சாசனத் திருத்தத்தைச் செனெட்டின் நியாயக் குழுவிலிருந்து கொண்டுவந்தவர் அந்த டிரம்புலே.

அந்தத் திருத்தம் 1865 ஜனவரி 31-ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் 119-க்கு 56 என்று நிறைவேறிற்று. வேண்டிய வாக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்ததில், வண்டாலியாவில் படித்த பாடத்தை ஜனாதிபதி மறக்கவில்லை. மறுநாளே, எல்லா ராஜ்யங்களுக்கும் முதலாவதாக அதை அங்கீகரித்தது இல்லினாய்ச் சட்டசபை; 77-க்கு 6 என்று முன்பு கை தூக்கிய அதே சபை. அது கூடியது, நெடிய ஒன்பதின்மர் பெற்றுத் தந்த ஸ்பிரிங்பீல்டில், 1837-இல் அஸ்திவாரம் போட்ட மண்டபத்தில். அந்த மண்டபத்தில்தான் லிங்கன் சுப்ரீம் கோர்ட்டு வழக்குகளை வாதாடியிருந்தார்; பிளவுண்ட வீடு நிலைக்காது என்ற பிரசங்கத்தை 1858-இல் செய்திருந்தார். 1865-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், மே மாதம் 3-ஆம் தேதி ரயிலில் வந்த அவருடைய பூதவுடலை, அங்கே பிரதிநிதிகள் கூடும் அறையில் கிடத்தினார்கள். அன்றும் அந்த இரவும் ஸ்பிரிங்பீல்டு ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்துக்கொண்டு போனார்கள்.